பழைய தோட்டாவுக்கு எந்த மருந்து? எரிவேகமும் அழுத்தமும் பற்றி ஓர் அறிமுகம்

பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் ஓர் அறிவுரை தவறாமல் வந்து விழும்: "அந்தக் காலத்துத் துப்பாக்கிதானே, மெதுவாக எரியும் மருந்தாகப் பார்த்துக் கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த அறிவுரை பெரும்பாலும் தலைகீழானது. 1873இல் வந்த ரிவால்வர் தோட்டா ஒன்றுக்கு ஏற்ற மருந்தைத் தேடிப் போனால், இன்று விற்பனையில் உள்ள மருந்துகளில் மிக வேகமாக எரிபவற்றின் அருகில்தான் போய் நிற்போம். அதே தோட்டாவில் மெதுவான மருந்தைப் போட்டால், ஒன்று அது சரியாக எரியாது, அல்லது குண்டு குழலின் நடுவிலேயே சிக்கி நின்றுவிடும். ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்தை முதலில் வரையறுத்துக்கொள்வோம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, வீட்டு மேசையில் மீண்டும் நிரப்பிக்கொள்வது அமெரிக்காவில் சட்டத்துக்கு உட்பட்ட, நூறாண்டுக்கும் மேல் பழகிய ஒரு பொழுதுபோக்கு. கடையில் கிடைக்காமல் போன, அல்லது யானை விலை விற்கிற பழைய தோட்டாக்களுக்கு அங்கே அதுவே வழி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே இங்கே சொல்லப்படுபவை அமெரிக்கச் சூழலைச் சார்ந்தவை. இன்றைய மருந்து எதற்கும் எடை அளவு இதில் தரப்படவில்லை. அது மருந்துத் தயாரிப்பாளர் சோதித்து வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டிய எண்.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுத்தியல் முனை அடித்ததும் பிரைமர் தீப்பிடிக்கிறது. அந்தச் சுவாலை ஒரு சிறு துளை வழியே உள்ளே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளுகிறது. அந்த நேரத்தில் பித்தளைச் சுவர் விரிந்து, தோட்டா அமர்ந்திருக்கும் அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. பிரைமரும் மருந்தும் குண்டும் ஒருமுறைதான். கூடு மட்டும் பலமுறை பயன்படும். கூட்டின் அளவும் குண்டின் எடையும் ஏறத்தாழ முடிவாகிவிட்டவை என்பதால், நிரப்புபவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது மருந்தைத்தான்.

மருந்தின் எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெயின். மருந்தின் தனித்தனித் துகளை இக்கட்டுரையில் "மணி" என்றே குறிப்பிடுகிறேன், இரண்டும் குழம்பாமல் இருப்பதற்காக.

கரிமருந்தின் காலம்

வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு: கரிமருந்தின் கலவை ஏறத்தாழ இதுதான். பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறிய வெடியுப்புதான் பிரிட்டனின் பல போர்களுக்கு மருந்தானது. இந்தக் கலவை எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்டது வாயுவாக மாறுவதில்லை. வெண்புகையாகவும், குழலுக்குள் படியும் கருஞ்சாம்பலாகவும் திடப்பொருளாகவே எஞ்சிவிடுகிறது. ஆற்றல் குறைவு என்பதால் நிறைய போட வேண்டும். நிறைய போட வேண்டும் என்பதால் கூடு பெரியதாக இருக்க வேண்டும்.

பழைய தோட்டாக்களின் பெயரிலேயே இந்தக் கணக்கு பதிந்திருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்ற .45-70 தோட்டா என்றால், 0.45 அங்குலக் குழலுக்கு 70 கிரெயின் கரிமருந்து. அதே ஆண்டு வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த .44-40 தோட்டாவில் 40 கிரெயின். கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரிவால்வரோடு வந்த .45 கோல்ட் தோட்டாவிலும் தொடக்கத்தில் 40 கிரெயின்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரிமருந்தைக் கூட்டின் விளிம்பு வரை நிரப்பி, குண்டை வைத்துச் சற்றே அழுத்தி மூடுவதே முறை. உள்ளே காலி இடம் விடக்கூடாது. எனவே அந்தக் காலத்துக்காரர் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தாலும், பொருத்தமான மணியளவு கொண்ட கரிமருந்தை நல்ல நிலையில் உள்ள துப்பாக்கியின் கூட்டில் நிரப்பும்போது, ஆபத்தான அளவுக்கு மிகுதியாகப் போட முடியாது. அதற்குமேல் கூட்டில் இடமே இல்லை. இந்த இயல்பான காப்பு புகையில்லா மருந்து வந்ததும் காணாமல் போயிற்று. இன்று நடக்கும் விபத்துகளில் கணிசமானவை இந்த இழப்பிலிருந்தே கிளைத்தவை என்பது என் கருத்து.

புகையில்லா மருந்து என்ன மாற்றியது

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய், பருத்தி நாரை நைட்ரிக் அமிலக் கலவையில் ஊறவைத்துப் பெறும் நைட்ரோசெல்லுலோஸைக் கூழாக்கித் தகடாக்கி, துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தாகச் செய்தார். 1886இல் வந்த பிரான்ஸின் லெபெல் ரைஃபிள் அதைக் கொண்டு சுட்டது. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ள மருந்து ஒற்றை மூல மருந்து. அதனோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் இரட்டை மூல மருந்து. இரண்டும் எரிந்தால் ஏறக்குறைய முழுவதுமாக வாயுவாகிவிடும்.

மாற்றத்தின் அளவை உணர .303 பிரிட்டிஷ் தோட்டாவைப் பார்க்கலாம். 1888இல் அது கரிமருந்துத் தோட்டாவாகவே பிறந்தது. சுமார் 70 கிரெயின் கரிமருந்தைக் கட்டியாக அழுத்தி உள்ளே வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அதே கூட்டில் நூல்கற்றை போன்ற கார்டைட் என்ற இரட்டை மூல மருந்து இடம்பிடித்தது. எடை சுமார் 30 கிரெயின்தான், பாதிக்கும் குறைவு. ஆனால் குண்டின் வேகம் முன்பைவிட அதிகம். (நீலகிரி அருவங்காட்டில் பிரிட்டிஷார் நிறுவிய ஆலைக்குக் கார்டைட் தொழிற்சாலை என்ற பெயர் வந்தது இந்த மருந்தால்தான்.) விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கார்டைட்டின் கடும் வெப்பம், கரிமருந்துக் கசடைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் ஆழமற்ற உட்புரிகளை, அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களை, தின்றுவிட்டது. 1895இல் ஆழமான புரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்ததற்கு அதுவே காரணம். மருந்து மாறினால் துப்பாக்கியும் மாற வேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மருந்து எப்படி எரிகிறது

அடுப்பில் சுள்ளியை வைத்தால் குப்பென்று பற்றிச் சட்டென்று தீர்ந்துவிடும். அதே எடையுள்ள கட்டை விறகு நின்று எரியும். மரம் ஒன்றுதான். தீக்கு முகம் கொடுக்கும் பரப்பில்தான் வேறுபாடு. துப்பாக்கி மருந்தும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கித்தான் எரிகிறது. அதனால்தான் ஒரே வேதிப்பொருளைத் தயாரிப்பாளர்கள் மெல்லிய செதிலாகவும், உருண்டையாகவும், நடுவில் துளையுள்ள சிறு குழாயாகவும் வார்க்கிறார்கள். செதில் விரைவில் தீரும். குழாய் வடிவம் வெளியே சுருங்கச் சுருங்க உள்துளை அகலமாவதால், எரியும் பரப்பு ஏறத்தாழ மாறாமல் நீடிக்கும். மணியின் மேல் எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சும் உண்டு. தொடக்கத் தீயை அது அடக்கி வைக்கும்.

ஆனால் அடுப்போடு ஒப்பிடுவது இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. புகையில்லா மருந்து தன்னைச் சூழ்ந்த அழுத்தம் கூடக்கூட வேகமாக எரியும். வேகமாக எரிவதால் மேலும் வாயு பிறக்கும். வாயு பிறப்பதால் மேலும் அழுத்தம் கூடும். குண்டு முன்னே நகர்ந்து இடம் கொடுப்பதுதான் இந்தச் சுழலுக்கு இருக்கும் ஒரே வடிகால். கரிமருந்தின் எரிவேகம் அழுத்தத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டால்தான், கரிமருந்தில் சிறு பிழை சிறு பிழையாகவே முடிகிறது. புகையில்லா மருந்தில் சிறு பிழை பெருகுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். கரிமருந்து கூட்டை நிறைக்கும், ஆற்றல் குறைவு, தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். புகையில்லா மருந்து கொஞ்சமே போதும். மணியின் வடிவமும் பூச்சும் அதன் வேகத்தை நிர்ணயிக்கும். அழுத்தம் கூடினால் வேகமும் கூடும்.

"வேகமான மருந்து" என்றால் என்ன?

மருந்துகளை எரிவேக வரிசைப்படி அடுக்கிய பட்டியலைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுகிறார்கள். பட்டியலின் தலையில் புல்ஸ்ஐ போன்ற கைத்துப்பாக்கி மருந்துகள் இருக்கும். வாலில் பெரிய மேக்னம் ரைஃபிள்களுக்கான மருந்துகள் இருக்கும். இதில் மூன்று தவறான புரிதல்கள் உலவுகின்றன. வேகமான மருந்து குண்டை வேகமாகச் செலுத்தும் என்பது முதலாவது. எரிவேகத்துக்கும் குண்டின் வேகத்துக்கும் அப்படி நேரடித் தொடர்பு கிடையாது. பட்டியலில் அடுத்தடுத்து இருப்பவை ஒன்றுக்கொன்று மாற்று என்பது இரண்டாவது. அது வெறும் வரிசை, இடைவெளியின் அளவை அது சொல்வதில்லை, தோட்டா மாறினால் வரிசையே இடம் மாறவும் கூடும். மூன்றாவதுதான் தொடக்கத்தில் சொன்னது: மெதுவான மருந்து சாது, வேகமான மருந்து முரடு.

இந்த மூன்றாவதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வேகமான மருந்து தன் வாயுவில் பெரும்பகுதியைக் குண்டு சிறிது தூரம் நகர்வதற்குள் வெளியேற்றிவிடும். அழுத்தம் சட்டென்று உச்சத்தைத் தொட்டுச் சட்டென்று இறங்கும். ஆகவே உச்சம் வரம்பைத் தாண்டாமலிருக்க மிகக் குறைந்த எடைதான் போட முடியும். மெதுவான மருந்து குண்டின் பின்னாலேயே ஓடி நீண்ட நேரம் தள்ளும். அதே உச்ச அழுத்தத்துக்குள் அதிக எடை போடலாம். நீண்ட குழலில் அதிக வேகமும் கிடைக்கும். ஆனால் அது ஒழுங்காக எரியவே ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும்.

பழைய பெருங்குழல் தோட்டாக்களில் அந்த அழுத்தம் எழுவதே கடினம். 0.45 அங்குலக் குழலின் குறுக்குப் பரப்பு, 0.30 அங்குலக் குழலினுடையதைப்போல இரு மடங்குக்கும் மேல். குண்டு ஒவ்வொரு மில்லிமீட்டர் நகரும்போதும் அதன் பின்னால் இரு மடங்கு இடம் திறந்துகொள்கிறது. வாயு அதில் பரவித் தளர்ந்துவிடுகிறது. ரிவால்வரில் தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகவும் கொஞ்சம் கசிகிறது. இத்தகைய இடத்தில் மெதுவான மருந்தைப் போட்டுச் சுட்டவர் சிலிண்டரைத் திறந்து பார்த்தால், எரியாத மணிகள் கூடுகளிலிருந்து உதிர்ந்து கிடக்கும். பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வரானால், கூடுகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் அந்த மணிகளில் இரண்டொன்று புகுந்துகொண்டாலே போதும். தகடு சரியாக அமராமல் சிலிண்டர் மூடவும் மறுக்கும், சுற்றவும் மறுக்கும்.

எல்லையை வகுப்பது துப்பாக்கி

மருந்தைத் தேர்வதற்கு முன்பு விடை காண வேண்டிய கேள்வி, இந்தத் துப்பாக்கி எவ்வளவு உச்ச அழுத்தத்தைத் தாங்கும் என்பது. அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று அளக்கும் பிஎஸ்ஐ கணக்கில், .45 கோல்ட்டுக்கு 14,000; .38 ஸ்பெஷலுக்கு 17,000; .45-70க்கு 28,000; .30-30க்கு 42,000. ஒப்பிட்டுப் பார்க்க, 1906இன் .30-06 ரைஃபிள் தோட்டாவுக்கு 60,000.

ஆனால் இந்த எண்ணோடு கதை முடிவதில்லை. ஒரே .45-70 தோட்டா மூன்று வகைத் துப்பாக்கிகளில் நுழையும். 1873இன் ஸ்பிரிங்ஃபீல்டு "டிராப்டோர்" ரைஃபிளில் மூடி போன்ற ஒரு கதவை ஒரு கொக்கி மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மிகவும் மென்மையான அளவு வேண்டும். இன்றைய மார்லின் 1895 நெம்புகோல் ரைஃபிள் அதைவிடக் கணிசமான அழுத்தத்தைத் தாங்கும். ரூகர் நம்பர் 1 போன்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளோ அதற்கும் மேலே போகும். அதனால்தான் அட்டவணைகளில் .45-70க்கு மூன்று தனித்தனிப் பக்கங்கள் இருக்கும். மூன்றாவது பக்கத்தின் அளவை முதல் வகைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. மூன்றுக்கும் கூடு ஒன்றுதான். தோட்டாவின் வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டு வகைத் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருந்தால், பெட்டியின் மேல் எழுதும் சீட்டுதான் ஒரே காவல்.

.45 கோல்ட்டிலும் இதே பிரிவு உண்டு: வழக்கமான அளவு ஒன்று, கனத்த ரூகர் ரிவால்வர்களுக்கு மட்டும் என்று தனியே குறித்த அளவு இன்னொன்று.

வயதும் ஒரு கணக்கு. கோல்ட் நிறுவனமே தன் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வருக்குப் புகையில்லா மருந்துக்கான உத்தரவாதத்தை 1900இல்தான் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தது கையில் இருந்தால், அது கரிமருந்துக்கு மட்டுமே என்று கொள்வதே தக்கது. புகையில்லா மருந்தின் குறைந்த அளவுகூட வேண்டாம் என்பதற்குக் காரணம், உச்ச அழுத்தத்தின் எண் ஒன்றாகவே இருந்தாலும் அது எழும் வேகமும், அந்தக் கால உலோகத்தின் சீரற்ற தரமும் ஆகும். நல்ல நிலையில் உள்ள 1873 வின்செஸ்டர் ரைஃபிளின் முழங்கால் மடிப்புப் பூட்டும் வலுவானதன்று. அதில் நிதானம் தேவை. துப்பாக்கியின் ஆண்டும் நிலையும் ஐயமாக இருந்தால், பழைய துப்பாக்கிகளை அறிந்த ஒரு துப்பாக்கிக் கம்மியர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வது மருந்து வாங்குவதற்கு முந்தைய வேலை.

காலி இடம் என்னும் சிக்கல்

கரிமருந்துக்காக அகலமாக வார்த்த கூட்டில் புகையில்லா மருந்து போய் அமரும்போது, கூட்டின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். .45 கோல்ட்டில் வேகமான மருந்து ஒன்றின் சரியான அளவு கூட்டின் அடியில் ஒரு மெல்லிய படலமாகத்தான் தெரியும். இந்தக் காலி இடம் மூன்று வகையில் தொல்லை தரும்.

முதலாவது, கொலைத் தொல்லை: இரட்டை அளவு. ஒரே கூட்டில் மருந்தை மறந்து இரண்டு முறை கொட்டினாலும் வழியாது; .38 ஸ்பெஷலிலும் அப்படித்தான். குண்டை வைத்து மூடியதும் கண்டுபிடிக்க முடியாது, சுட்டால்தான் தெரியும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் 50 துளைகள் கொண்ட ஒரு கட்டையில் கூடுகளை நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து போட்ட பின், ஒரு குண்டையும் வைக்குமுன், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்ப்பார்கள். சரியாகப் போட்ட 49 கூடுகளுக்கு நடுவே ஒன்றில் மட்டும் மருந்தின் மட்டம் உயர்ந்திருந்தால், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலின் ஆழம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஒன்றுமே போடாத கூடும் அப்படியே அகப்படும். அதுவும் ஆபத்துதான்: பிரைமரின் உந்துதல் மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும், அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் புடைக்கும்.

இரண்டாவது, மருந்து கிடக்கும் நிலை. குழலை வானம் பார்த்து உயர்த்தி, பின் மெதுவாகத் தாழ்த்திச் சுட்டால் மருந்து பிரைமரை ஒட்டிக் கிடக்கும். தரை பார்த்துத் தாழ்த்தி, பின் உயர்த்திச் சுட்டால் குண்டின் அடியில் போய்க் கிடக்கும். அதே தோட்டாவின் வேகம் இந்த இரண்டு நிலையிலும் கவனிக்கத்தக்க அளவு வேறுபடும் மருந்துகள் உண்டு, அசையாதவையும் உண்டு. பழைய தோட்டாக்களுக்கு அசையாதவையே விரும்பப்படுகின்றன.

மூன்றாவது, மெதுவான ரைஃபிள் மருந்தைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாகப் போடுவது. கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் அப்படிச் சுட்டபோது எப்போதாவது ஒருமுறை அழுத்தம் எதிர்பாராமல் எகிறித் துப்பாக்கிகள் சிதைந்த நிகழ்வுகள் உண்டு. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பல. அட்டவணையில் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதே என்ற விதி இதனால் வந்தது. இதற்கு வெளிப்படையான ஒரு விலக்கு இருக்கிறது: எச்4895 என்ற மருந்தின் அளவை, அட்டவணையின் உச்ச அளவில் 60 சதவீதமாக இருக்கும் மட்டம் வரை (அதற்குக் கீழே அல்ல) இறக்கலாம் என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே வழிகாட்டுகிறது. அந்த அனுமதி அந்த மருந்துக்கு உரியது. பெயரில் ஒத்த வேறொன்றுக்கு அதை நீட்டக்கூடாது.

காலி இடத்தைப் பஞ்சாலோ செயற்கை நாராலோ அடைப்பது பழைய பழக்கம். அதைச் சரியென்பாரும் உண்டு. அறைச் சுவரில் வளையமாகப் புடைப்பு விழுவதற்கு அதுவே காரணம் என்பாரும் உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர் அந்தச் சண்டைக்குள் போகாமலிருப்பது நல்லது. அடைப்பு இல்லாமலேயே நன்றாக வேலை செய்யும் மருந்துகள் இருக்கின்றன.

எந்தத் தோட்டாவுக்கு எது

மேலே சொன்னவற்றை ஒன்று சேர்த்தால் தேர்வு தானாகவே குறுகிவிடும். .45 கோல்ட், .44-40, .38 ஸ்பெஷல் போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு வேகமானது முதல் நடுத்தர வேகம் வரையிலான கைத்துப்பாக்கி மருந்துகள்: புல்ஸ்ஐ, எச்பி-38, யூனிக். இவற்றுள் கைத்துப்பாக்கி மருந்துகளில் நடுத்தர வேகம் கொண்ட யூனிக்கைப் பலர் விரும்பக் காரணம், அது சற்றே பருமனான செதில்களாக இருப்பதால் கூட்டில் கொஞ்சம் கூடுதல் இடத்தை அடைப்பதே. கூட்டை நிறைப்பதற்கென்றே வந்த டிரெயில் பாஸ் என்ற மருந்து, நடுவில் துளையுள்ள வடை வடிவ மணிகளால் ஆனது. கரிமருந்துக் காலக் கூடுகளுக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது. இரட்டை அளவு கொட்டினால் வழிந்துவிடும். சில ஆண்டுகளாக அது சந்தையில் கிடைப்பது அரிது. கிடைத்தால், அதை ஒருபோதும் அழுத்தி அடைக்கக்கூடாது என்ற தயாரிப்பாளரின் எச்சரிக்கையை மறக்க வேண்டாம்.

.45-70 போன்ற நேர்ச்சுவர்ப் பெருந்தோட்டாக்கள் ரைஃபிள் மருந்துகளில் வேகமான பக்கத்தை நாடும்: ஐஎம்ஆர் 4198, ஐஎம்ஆர் 3031. அக்யுரேட் 5744 தனியே குறிப்பிடத்தக்கது. குறைந்த அழுத்தத்திலும் எளிதில் பற்றும். கூட்டில் எங்கே கிடக்கிறது என்பதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாது. சில எரியாத மணிகளை விட்டுச் செல்வதுண்டு.

.30-30, .303 போன்ற கழுத்துக் குறுகிய தோட்டாக்கள் வயதில் பழையவை என்றாலும் இயல்பில் புகையில்லா மருந்துக்காரர்கள். 1895இல் வெளிவந்த .30-30 அமெரிக்காவில் அந்த மருந்துக்கென்றே வடிவமைத்த முதல் சிறுகுழல் வேட்டைத் தோட்டா. இவற்றுக்கு நடுத்தர ரைஃபிள் மருந்துகள் பொருந்தும். கூடும் ஓரளவு நிறைந்துவிடும். மேலே சொன்ன தொல்லைகள் பெரிதும் குறைவு.

பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள்கள் தனி உலகம். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி, ஒரு குறிப்பிட்ட குண்டையும் ஒரு குறிப்பிட்ட வேகத்தையும் வைத்துச் சுட்டுப் பார்த்துப் பார்த்தே குழல்களை ஒன்றோடொன்று ஒட்டி இணைத்தவை அவை. கரிமருந்திலேயே அதிக வேகத்துக்கு வடிவமைத்த எக்ஸ்பிரஸ் ரைஃபிள்களுக்காகப் பழைய அழுத்தத்தை மீறாமல் குறைத்த கார்டைட் அளவையும் அக்காலத் தொழிற்சாலைகளே வகுத்தன. "நைட்ரோ ஃபார் பிளாக்" என்று அதற்குப் பெயர். இத்தகைய ரைஃபிளுக்கு மருந்து தேடுபவர் அழுத்த வரம்புக்கு உள்ளே இருந்தால் மட்டும் போதாது. மூல வேகத்தையும் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வலக்குழல் ஓரிடத்திலும் இடக்குழல் ஓரிடத்திலும் அடிக்கும்.

கரிமருந்திலேயே நிற்பவர்கள்

1900க்கு முந்தைய துப்பாக்கியோடு இருப்பவருக்கும், பழைய முறையையே விரும்புபவருக்கும் கரிமருந்து இன்றும் விற்பனையில் உண்டு. அங்கே தேர்வு மணியின் பருமனில்தான். எஃப் என்ற எழுத்து கூடக்கூட மணி நுண்ணியதாகும், வேகமாகவும் எரியும். ரைஃபிள் தோட்டாவுக்கு இரண்டு எஃப், ரிவால்வருக்கு மூன்று எஃப் என்பது பொது வழக்கம். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் ஆகியவை மாற்று மருந்துகள். இவற்றை எடையால் அளக்காமல், கரிமருந்துக்கு உரிய கொள்ளளவால் அளக்க வேண்டும். டிரிபிள் செவன் அதே கொள்ளளவில் கரிமருந்தைவிட வலுவானது என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் குறைப்பையும் அழுத்தும் வரம்பையும் பார்க்க வேண்டும். குண்டுக்குப் பூசும் மெழுகும் மென்மையாக, கசடை இளக்கிவைப்பதாக இருக்க வேண்டும். சுட்ட அன்றே நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். ஒத்திப்போட்டால் ஈரத்தை இழுக்கும் கசடு குழலை அரித்துவிடும்.

புகையில்லா மருந்தைக் கரிமருந்தின் அளவுக் கரண்டியால் அள்ளுவது மட்டும் எந்த நாளும் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிக் கொள்ளளவுக்குக் கொள்ளளவு போடத்தக்க பருமனான புகையில்லா மருந்துகள் உண்மையிலேயே விற்கப்பட்டன. இன்று அவை தயாரிக்கப்படுவதில்லை. ஆனால் தாத்தா காலத்துக் குறிப்புப் புத்தகத்தில் அந்த அறிவுரை மட்டும் உயிரோடு இருக்கிறது.

அடையாளம் காட்டாத தோட்டாக்கள்

அட்டவணையில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். தொடக்க அளவிலிருந்து சிறுசிறு படியாக ஏற வேண்டும். குண்டையோ பிரைமரையோ கூட்டின் தயாரிப்பையோ மாற்றினால் மீண்டும் தொடக்க அளவுக்கே இறங்க வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். ஏறும்போது பிரைமர் தட்டையாகிறதா, கூடு அறையில் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும் என்றும் பலர் சேர்த்துச் சொல்வார்கள். பழைய தோட்டாக்களில் இந்த இரண்டாவது பாதியை நம்ப முடியாது.

பிரைமர் தட்டையாவது, பித்தளை ஒட்டுவது போன்ற அறிகுறிகள் பொதுவாக இன்றைய ரைஃபிள்களின் அழுத்த மட்டத்தில், 60,000 பிஎஸ்ஐயை ஒட்டித் தெரிபவை. 14,000க்கு வரையறுத்த .45 கோல்ட்டில் அழுத்தம் அதைப்போல இரு மடங்கானாலும் பிரைமர் உருண்டையாக, கூடு வழவழவென்று தானாக வெளியே வரும். எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மெல்லிய சிலிண்டர் சுவர் அதற்குள் தன் எல்லையைத் தாண்டியிருக்கும். ஆகவே இந்த வகைத் தோட்டாக்களில் ஏறும் படிக்கட்டு அட்டவணையின் உச்ச எண்ணோடு நின்றுவிட வேண்டும். பெரும்பாலும் அதற்கும் முன்பே, பழைய கரிமருந்துத் தோட்டாவின் மூல வேகத்தைத் தொட்ட இடத்திலேயே நிறுத்திவிடலாம். .45-70இன் 405 கிரெயின் ஈயக் குண்டுக்கு அது வினாடிக்குச் சுமார் 400 மீட்டர். ரைஃபிளின் பின்காட்சிக் குறியில் செதுக்கிய தூரக் கோடுகள் பொருந்துவதும் அந்த வேகத்தை ஒட்டித்தான். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவி ஒன்று மேசையில் இருந்தால், எங்கே நிற்க வேண்டும் என்பதை அதன் எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.